பின்னுக்கு ஒராள்

என் நாத்தனார் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் லண்டனில் பனி கொட்டும். அன்று பனி இல்லை. அது ஒக்டோபர் மாதம், ஒரு வியாழக்கிழமை, முற்பகல் நேரம். மரங்களில் பாதி இலை இன்னும் பச்சையாகவே இருந்தது. முதல் நாள் பெய்த மழையில் நடைபாதை ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். பள்ளிக்கூட நாளிலிருந்தே நாட்குறிப்பு எழுதுகிறவள் நான். ஆட்களின் மனதைக் கணிப்பதில் எனக்குப் பிழை வரலாம், கிழமையிலும் வானிலையிலும் வராது. ஒருவரைக் கேலி செய்து கதை சொல்வதென்றால் குறைந்தபட்சம் அன்றைய வானத்தையாவது சரியாகச் சொல்ல வேண்டும். அவளுக்கு அதுகூட முடியவில்லை. எனவே நான் சொல்கிறேன்.

நாத்தனார் என்றால் என் கணவரின் ஒரே தங்கை. இருவரும் கண்டிப் பக்கம் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். அவள் கல்யாணமாகி லண்டன் போனாள். நாங்கள் பேராதனையில் வீடு எடுத்துத் தங்கிவிட்டோம். நான் ஒரு பாடசாலை அலுவலகத்தில் எழுதுவினைஞர். அவர் கண்டி டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. அதிகம் பேசாத மனிதர். ஆணி கேட்டு வருகிறவர்களிடம்கூட என்ன அளவு என்று மட்டும்தான் கேட்பார்.

கலஹா பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. எங்கள் பஸ்ஸில் ஒரு குடும்பத்தில் யார் முதலில் ஏறுகிறாரோ அவர்தான் எல்லோருக்கும் டிக்கட் எடுப்பார். காலை நேரத்தில் உள்ளே திரும்ப இடமிருக்காது. கொண்டக்டர் பக்கத்தில் வரும்போது ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும், மற்றக் கையில் காசிருக்கும். அந்தக் கையின் சுட்டுவிரலை அப்படியே தோளுக்கு மேலாகத் தூக்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் "பின்னுக்கு ஒராள்" என்று சொல்ல வேண்டும். இரண்டு பேரென்றால் இரண்டு விரல். கொண்டக்டரும் திரும்பிப் பார்க்க மாட்டார், நம்பிக் கிழித்துக் கொடுப்பார். பின்னால் நிற்பவர் தன் முறை வரும்போது "முன்னுக்கு எடுத்தாச்சு" என்பார். அதோடு முடிந்தது. குடும்பம் என்றில்லை, தெரிந்தவர் ஒருவர் ஏறினாலும் அப்படித்தான். அவர் தன் டிக்கட்டைத் தானே எடுக்கும்படி விட்டால், பஸ் தோட்டத்துக்குப் போய்ச் சேருமுன் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

என் கணவர் சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தி டவுனுக்கு வேலைக்கு வந்தவர். அவருடைய தங்கை உயர்தரம் படிக்க அதே டவுனுக்கு வந்தாள். தினமும் காலையில் இருவரும் ஒரே பஸ். அவர் முன்வாசல் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வருவார். அவள் சிநேகிதிகளோடு பின்னால் நிற்பாள். அவள் பரீட்சை எழுதி முடிக்கும் வரை ஒவ்வொரு பள்ளி நாளும் அவர் விரல் தூக்கினார். அவள் உயர்தரம் படித்தது அந்த விரலுக்குப் பின்னால் நின்றுதான். இதை அவரே ஒருநாளும் சொன்னதில்லை. என் மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நாத்தனாரின் மகளுக்குக் கல்யாணம் என்று அழைப்பு வந்தது. விசா கிடைத்ததும் நான் கண்டியில் என் வங்கிக்குப் போய், என் அட்டையை வெளிநாட்டில் பாவிக்கும்படி மாற்றித் தரச் சொன்னேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் இளவயதுக்காரர், நல்ல மனிதர். அட்டையின் மூலையில் இருந்த அலை மாதிரியான குறியைக் காட்டினார்.

"இந்தக் குறி இருந்தா போதும் மிஸ். லண்டன்ல பஸ், ரயில் எல்லாத்துலயும் இத சும்மா தொட்டுட்டு ஏறலாம். காசு மாத்தத் தேவையில்ல."

"எங்க ரெண்டு பேருக்கும் இது போதுமா?"

"கணக்குல காசு இருந்தா எத்தனை பேருக்கும் போதும்."

அவரும் எங்களைப் போல பஸ்ஸில் வந்து போகிறவராகத்தான் இருக்க வேண்டும். முன்னால் ஏறுகிறவர் எல்லோருக்கும் எடுப்பார் என்பதில் அவருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. என் கணவருக்குப் பாஸ் புத்தகக் கணக்கு மட்டும்தான். அவருக்குத் தனியாக ஓர் அட்டை எடுக்க வேண்டும் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வியாழக்கிழமை நாத்தனார் எங்களைத் தையல் கடைக்குக் கூட்டிப் போனாள். மணப்பெண்ணின் ரவிக்கையை வாங்கி வர வேண்டும். பஸ் வந்தது, சிவப்பு நிறம், இரண்டு தட்டு. அவள் முதலில் ஏறி, ஒரு கையில் இருந்த அட்டையைச் சாரதிக்குப் பக்கத்து மெசினில் தொட்டுவிட்டு உள்ளே போனாள். மற்றக் கையில் அவளுடைய போன் இருந்தது. அந்தப் போனாலும் பஸ்ஸுக்குக் காசு கொடுக்கலாம் என்று முதல் நாள்தான் சாப்பாட்டு மேசையில் எங்களுக்குக் காட்டியிருந்தாள். இதை வாசிக்கிறவர்கள் மறந்துவிடக் கூடாது. அவளிடம் ஒன்றுக்கு இரண்டு வழி இருந்தது.

நான் அட்டையைத் தொட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. பின்னால் நின்ற என் கணவருக்காக இன்னொரு முறை தொட்டேன். சிவப்பு எரிந்து, ஒரு கெட்ட சத்தம் வந்தது. அழுக்குப் பட்டிருக்கும் என்று நினைத்து, அட்டையைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி தொட்டேன். அதே சத்தம். சாரதி ஏதோ சொன்னார். அவருடைய ஆங்கிலம் நான் படித்த ஆங்கிலமாக இல்லை. நான் சுட்டுவிரலைத் தோளுக்கு மேலாகத் தூக்கி, பின்னால் ஒருவர் இருக்கிறார் என்று காட்டினேன். என் கணவரும், நான் சொல்வது சாரதிக்கு விளங்கவில்லை என்று நினைத்து, உதவியாகத் தன் விரலைத் தூக்கி, தன்னைத்தானே காட்டி, கொஞ்சம் சத்தமாகத் தமிழிலேயே சொன்னார்:

"பின்னுக்கு ஒராள்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவள் உள்ளே நாலாவது வரிசை ஆசனத்தில் உட்கார்ந்து, எங்களை அறியாதவள் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு பூட்டிய கடையும் ஒரு குப்பைத்தொட்டியும்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தலை திரும்பவில்லை.

வரிசையில் நிற்கிறவர்களுக்குத் தொந்தரவு என்று என் கணவர் தானாகவே இறங்கினார். கதவு மூடியது. பஸ் என்னோடு புறப்பட்டது. மொழி தெரியாத ஊரில், கையில் போனும் இல்லாமல், அவர் நடைபாதையில் நின்றார். கையை ஆட்டினார்.

நான் ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். அப்போதுதான் அவள் திரும்பினாள்.

"அண்ணி, இங்க ஒரு கார்டுக்கு ஒரு ஆள்தான். காசும் எடுக்க மாட்டாங்க. இது கலஹா பஸ் இல்ல."

"அது சரி, உங்ககிட்ட போன் இருக்கே. அண்ணனுக்காக அத வச்சிருக்கலாமே?"

"எல்லாரும் பாக்குறாங்க, உக்காருங்க. அவரு சின்னப் பிள்ளையா? வருவாரு."

அடுத்த தரிப்பிடத்தில் நான் இறங்கித் திரும்பி நடந்தேன். அவள் இறங்கவில்லை, தையல்காரி காத்திருப்பாளாம். அவர், பஸ் விட்டுப்போன இடத்திலேயே, இரண்டு கையையும் கோட் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும், "பஸ்ஸு நல்ல வேகமா போச்சு" என்றார். நாங்கள் நடந்தே வீட்டுக்குப் போனோம்.

இதோடு முடிந்திருந்தால் நான் மறந்திருப்பேன் என்று சொல்ல மாட்டேன். மறந்திருக்க மாட்டேன். ஆனால் இப்படி எழுத உட்கார்ந்திருக்கவும் மாட்டேன்.

கல்யாணம் அந்தச் சனிக்கிழமை. சாப்பாட்டு மேசையில் எங்களோடு அவளுடைய சிநேகிதிகள், மாப்பிள்ளை வீட்டார், யாழ்ப்பாணத்துக்காரர் சிலர் இருந்தார்கள். அவள் எழுந்து நின்று கதையைத் தொடங்கினாள். பனி கொட்டத் தொடங்கியது. நான் சேலையில் அட்டையைத் துடைத்தேன். சாரதி தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவள் குரலை மாற்றினாள். தொண்டையைக் கட்டி, வெற்றிலை போட்டுக்கொண்டு பேசுகிறவரைப் போல ஒரு தடித்த குரல். என் கணவர் வெற்றிலை போடுவதில்லை. சுட்டுவிரலைத் தோளுக்கு மேலாகத் தூக்கி, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு சொன்னாள்:

"பின்ன்ன்னுக்கு ஒராள்!"

மேசை அதிர்ந்தது.

"ஐயோ பாவம்," என்று ஒரு யாழ்ப்பாணத்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பேந்து அவரை ஆர் கூட்டிக்கொண்டு வந்தது?"

"யாரு வருவா? நடந்தே வந்தாரு. தோட்டத்துப் பழக்கம், லண்டன் வந்தா போயிடுமா?"

அந்த விரலுக்குப் பின்னால் நின்று படித்தவள் சொன்னாள் இதை. என் கணவரும் சிரித்தார். மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சோற்றில் கை வைத்தவர் சாப்பிடவில்லை, பிசைந்துகொண்டே இருந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அந்தக் கையைத்தான் பார்த்தேன். அந்தச் சனிக்கிழமை நான் முடிவெடுத்தேன். இவளும் ஒருநாள் பஸ்ஸுக்குள் நிற்க வேண்டும். அட்டையை நீட்ட வேண்டும். அது ஆகாது என்று சொல்லப்பட வேண்டும். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கும்போது நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்க வேண்டும். இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் "விடு" என்பார்.

ஊர் திரும்பிய பிறகும் கதை எங்களைத் துரத்தி வந்தது. தைப்பொங்கலுக்கு உறவினர்கள் வீடியோவில் கூடியபோது சொன்னாள். மாமியாரின் திவசத்தன்று, சுவாமி படத்துக்கு முன்னால் போனை வைத்திருக்கும்போதே சொன்னாள். என்னிடம் வந்து யாராவது விரலைத் தூக்கிக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. கலஹாவிலிருந்து வந்து எங்களுக்குப் பால் தருகிறவர்கூட ஒருநாள் தூக்கினார். கணவர் கலஹாவுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். போனாலும் பஸ்ஸில் விரல் தூக்குவதில்லை. கொண்டக்டர் பக்கத்தில் வரும் வரை காத்திருந்து, "ரெண்டு" என்று மெதுவாகச் சொல்வார். எங்களிடமிருந்து அவள் பறித்தது அந்த விரலைத்தான். நான் திரும்ப வாங்க நினைத்ததும் அதைத்தான்.

அவள் அடுத்த வருடம் சித்திரை கழிந்து, தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வந்தாள். தனியாகத்தான் வந்தாள். கண்டியில் ஹோட்டல், சுப்பர் மார்க்கட், உடுப்புக் கடை, எல்லா இடத்திலும் அட்டையைத் தொட்டாள். கையில் ரூபாய் வைத்துக்கொள்வதே பழைய பழக்கம் என்றாள். தேர் நாளுக்கு முதல் நாள் எங்கள் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே, "அண்ணி, வேன் வேணாம். பழைய மாதிரி கலஹா பஸ்ல போவோம். வீடியோ எடுக்கணும்" என்றாள்.

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"இப்ப இங்க பஸ்லயும் கார்ட் எடுக்குறாங்களாமே?" என்று கேட்டாள்.

"ஆமா," என்றேன். "பேப்பர்ல போட்டிருந்தாங்க."

"அப்ப மெசின்ல போய் காசு எடுக்கத் தேவையில்ல."

"எதுக்கு?" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. பத்திரிகையில் போட்டிருந்தார்கள். கொழும்புப் பக்கம் சில பஸ்களில் எடுக்கிறார்களாம். எந்தப் பஸ் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று என்னை யாரும் கேட்க வேண்டாம்.

தேர் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயில் நன்றாக இருந்தது. கண்டி பஸ் நிலையத்தில் நேரத்தோடு ஏறியதால் மூவருக்கும் இடம் கிடைத்தது. நானும் அவரும் முன்னால், அவள் எங்களுக்கு நேர் பின்னால் ஜன்னலோரம். பஸ் நிறைந்தது. திருவிழாவுக்குப் போகிற தோட்டத்து ஆட்கள்தான் பாதிப் பேர், பூவும் தேங்காயும் பிள்ளைகளுமாக. அவள் போனை உயர்த்தி எல்லோரையும் படம் பிடித்தாள். பேராதனைப் பாலம் தாண்டி, கலஹா சந்தியில் திரும்பி, மலை ஏறத் தொடங்கும்போது கொண்டக்டர் வந்தார். என் கணவர் பையில் கை விட்டார்.

"இன்னைக்கு நான் எடுக்குறேன்," என்று அவர் கையை அமுக்கினேன். கொண்டக்டரிடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "கலஹா ரெண்டு."

"ரெண்டா? மூணு பேரா ஏறின மாதிரி இருந்துச்சே."

"ரெண்டு."

கணவர் என்னைப் பார்த்தார். நான் மிச்சக்காசை வாங்கிக் கைப்பையில் போட்டேன். கொண்டக்டர் பின்னால் போனார்.

"அக்கா எங்க?"

"கலஹா." அவள் அட்டையை நீட்டினாள்.

"இது என்னாங்க?"

"கார்ட். உங்க மெசின்ல தொடுங்க."

கொண்டக்டர் கழுத்தில் தொங்கிய டிக்கட் மெசினை எடுத்து அவள் முன்னால் நீட்டினார். "நீங்களே தொடுங்க அக்கா."

அவள் தொட்டாள். திருப்பித் தொட்டாள். மெசின் சும்மா இருந்தது.

"இன்னும் கொஞ்சம் நல்லா தேயுங்க, பூதம் கீதம் வரும்."

பஸ் சிரித்தது. அவள் அவசரமாக அட்டையை உள்ளே வைத்துவிட்டு போனை நீட்டினாள்.

"போன் வேணாங்க, எங்கிட்ட ஒன்னு இருக்கு."

"இல்ல, பஸ்ல கார்ட் எடுக்குறாங்கன்னு சொன்னாங்களே!"

"சொன்னவங்க வண்டியில எடுப்பாங்களா இருக்கும். இந்த வண்டியில காசுதான். இல்லாட்டி அடுத்த ஹோல்ட்ல எறங்கி, அப்படியே தொட்டுத் தொட்டு நடந்து வந்துருங்க. ரெண்டு மணிக்குத்தான் தேரு."

கீரைக்கட்டோடு கீழே உட்கார்ந்திருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். "இது நம்ம மேட்டு லயத்துப் பாப்பா மாதிரில்ல இருக்கு? லண்டன்ல இருக்குன்னாங்களே. ஒரு டிக்கட்டுக்கா வழியில்லாம வந்திருக்கு?"

நாத்தனாரின் கை என் தோளில் பட்டது. "அண்ணி. எனக்கும் சேத்து எடுங்க."

இத்தனை மாதம் நான் காத்திருந்தது அந்தத் தொடுகைக்குத்தான். திரும்பாமலே சொன்னேன்.

"ஒரு கார்டுக்கு ஒரு ஆள்தான். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அங்கே பார்ப்பதற்கு நிறைய இருந்தது. பள்ளத்தில் வீடுகள், வாழைத் தோட்டம், எதிரே மூடுபனி விலகிய மலை. எல்லாவற்றையும் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் அவள் மூச்சு விடுவது கேட்டது. "அண்ணி" என்று இன்னொரு முறை, சின்னக் குரலில். நான் மலையைப் பார்த்தேன். கொண்டக்டர் சாரதியைப் பார்த்து மணியடிக்கக் கயிற்றில் கை வைத்தார். பஸ் முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

என் கணவர் அதுவரை நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஒரு வளைவு திரும்பியது, இன்னொரு வளைவு திரும்பியது. அவர் அவசரப்படவில்லை. பிறகு அவருடைய வலது கை எழுந்தது. சுட்டுவிரல் தோளுக்கு மேலாகப் பின்னால் நீண்டது. தலை திரும்பவில்லை. கண்ணை அரைவாசி மூடியிருந்தார். தொண்டையைக் கட்டி, வெற்றிலை குதப்புகிறவரின் தடித்த குரலில், கல்யாண மேசையில் கேட்ட அதே குரலில், பஸ்ஸின் கடைசி ஆசனம் வரை கேட்கும்படி சொன்னார்:

"பின்ன்ன்னுக்கு ஒராள்!"

"அப்படிச் சொல்லுங்க!" என்றார் கொண்டக்டர். கயிற்றை விட்டுவிட்டு டிக்கட்டைக் கிழித்தார். கணவர் காசைக் கொடுத்தார், டிக்கட்டை வாங்கினார், திரும்பாமலே தோளுக்கு மேலாக நீட்டினார். கொஞ்ச நேரம் அது காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு அவள் வாங்கினாள்.

நான் அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். போன் மடியில் கிடந்தது. கழுத்து வரை சிவந்திருந்தாள். கண்ணில் நீர் இருந்தது. அதைக் கண்டு என் மனம் இளகியது என்று எழுதினால் அது பொய். எனக்கு இனித்தது.

ஆனாலும் ஒரு கோபமும் இருந்தது. கலஹாவில் இறங்கி, மேட்டுப் பாதையில் அவளை முன்னால் நடக்கவிட்டு, அவரிடம் கேட்டேன்.

"ஏங்க எடுத்தீங்க? மணியடிக்கப் போனான். இன்னும் ஒரு நிமிசம் பேசாம இருந்திருக்கலாம்."

"எறக்கி விட்டிருப்பான்."

"எறங்கி நடக்கட்டும். நீங்க நடக்கலயா?"

"எறங்கியிருந்தா அதையும் ஒரு கதையா சொல்லுவா. அண்ணி என்னைய நடுரோட்டுல விட்டுட்டாங்கன்னு ஊரெல்லாம் அழுவா." பாதையோரம் நின்று செருப்புக்குள் இருந்த கல்லைத் தட்டினார். "இப்ப என்னான்னு சொல்லுவா? சொல்லட்டும், பாப்போம்."

நான் அவரை இத்தனை வருடம் சாந்தமான மனிதர் என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கங்களையெல்லாம் திருத்த வேண்டும்.

தேர் இழுத்து முடிந்ததும், அவருடைய சித்தப்பா மகன் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. நாத்தனார் அங்கே இரண்டு முறை அவரிடம் டிக்கட் காசைக் கொடுக்கப் பார்த்தாள், யாரிடமோ ரூபாய் மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். "இருக்கட்டும் பாப்பா," என்றார் இரண்டு முறையும், அதே அன்போடு. வாங்கவில்லை. இன்று வரை வாங்கவில்லை.

பந்தியில் உட்கார்ந்ததும் அந்த வீட்டுப் பெண் அவளைப் பார்த்து, "மதினி, அந்த லண்டன் பஸ் கதைய நேர்ல ஒருதரம் சொல்லுங்க. போன்ல கேட்டே வயிறு வலிச்சிருச்சு" என்றாள்.

நாத்தனார் இலையைத் துடைத்தாள். "மறந்திருச்சு," என்றாள்.

"எனக்கு ஞாபகம் இருக்கு," என்றேன்.

ஆரம்பத்திலிருந்து சொன்னேன். ஒக்டோபர் மாதம், வியாழக்கிழமை, முற்பகல். பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு, ஒரு கையில் அட்டை, மறு கையில் போன், பூட்டிய கடை, குப்பைத்தொட்டி. பிறகு நிறுத்தாமல் இன்றைய பஸ்ஸுக்கு வந்தேன். பூதம் வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். விரல் வந்த இடத்தில் நான் தூக்கவில்லை, என் கணவரைப் பார்த்தேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே, இடது கையின் சுட்டுவிரலைத் தோளுக்கு மேலாகத் தூக்கிக் காட்டிவிட்டு, வாய் நிறையச் சாப்பிட்டார்.

"அப்ப லண்டன்ல பனி கொட்டுச்சுன்னாங்களே?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"நீயே கேளு," என்றேன்.

எல்லோரும் நாத்தனாரைப் பார்த்தார்கள். அவள் இலையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"கொட்டல," என்றாள்.